நாணல் மேட்டுக்கு ஒரு கதவு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டு எப்போதும் காலிதான். வாங்கி வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்புவதற்குள் காணாமல் போயிருக்கும். "ஏங்க, முட்டை எங்கே?" என்று கேட்டால், "பெட்டிக்கு" என்பார். அவ்வளவுதான் பதில். மனுஷர் சாப்பிட முட்டை கிடையாது, கீரிக்கு மட்டும் தினம் விருந்து. இந்த வீட்டுக்குக் கீரியாக வந்திருந்தால் வயிறாவது நிறைந்திருக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அதற்கும் சிரிப்பார். அந்த மனுஷரோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது.

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, உள்ளே நுழைந்தால் திரும்ப இடமில்லாத ஒரு கடை. சாவி வெட்டுகிற மெஷின், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், ஓரமாகச் சாய்த்து வைத்த ஒரு மரக்கதவு. அந்தக் கதவுக்கு வீடு கிடையாது. வாங்க வருகிறவர்களுக்குப் பூட்டைப் பொருத்திக் காட்டுவதற்கென்றே வைத்திருந்தார். அதனால் மேலிருந்து கீழ்வரை ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பூட்டு'. வாயும் அப்படித்தான். நான் பல் டாக்டர் ஒருவரிடம் சீட்டு எழுதுகிற வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க வலியில் வாயைத் திறக்க முடியாதவர்கள், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே திறக்காத இவர். "அக்கா, ரெண்டு பேர் பேச வேண்டியதை நீ ஒருத்தியே பேசுற" என்பான் என் தம்பி. பேசாமல் என்ன செய்வது?

எங்கள் தெரு வீடுகளுக்கெல்லாம் பின்வாசல் சதுப்பைப் பார்த்துத்தான். பெரிய சதுப்பு. நாணலும் சேறும் கொசுவும். அதற்குள் ஒரு பறவை இருந்தது. புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு, சேற்று நிறம், இறக்கை என்று பேருக்கு ஒன்று. பறக்க வராது. தத்தித் தத்திப் போவதால் எல்லோரும் அதைத் தத்தி என்றுதான் சொல்வோம். தரையில்தான் கூடு கட்டும். முட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. பெரிய சத்தம் கேட்டால்தான் பயந்து எழும். சத்தம் போடாமல் வருகிற எதற்கும் பயப்படத் தெரியாது. அதன் பாட்டன் முப்பாட்டன் காலத்தில் அப்படி எதுவும் இங்கே வந்ததே இல்லை, பாவம், அதற்கு யார் சொல்லித் தருவது?

அது கூப்பிடுவதைக் கேட்க வேண்டுமே! யாரோ ஒரு ஆள் தொண்டையைச் செருமுகிற மாதிரியே இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ "ம்க்கும்" என்றான். சற்றுத் தள்ளி இன்னொருவன் "ம்க்கும்" என்றான். அடப் பாவிகளா, இரண்டு பேரா என்று வாளித் தண்ணீரைச் சுவருக்கு மேலாக வீசி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இவர் ஓடி வந்து பார்த்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. "ஜோடிம்மா அது. ஒண்ணு கேக்கும், இன்னொண்ணு பதில் சொல்லும்" என்றார். கல்யாணமான பிறகு இவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

கீரி எங்கள் தீவு மண்ணின் பிராணி இல்லை. கரும்பை எலி தின்கிறது என்று எந்தக் காலத்திலோ ஒரு புத்திசாலி கூண்டு கூண்டாகக் கப்பலில் கொண்டு வந்து இறக்கினானாம். எலி ராத்திரி ஆள், கீரி பகல் ஆள். இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று சரியாகப் பார்த்துக்கொண்டதே இல்லை. எலி எலியாகவே இருந்தது. கீரி தத்தியின் முட்டையைத் தின்றது, குஞ்சைத் தின்றது, தத்தியையும் தின்றது. கொண்டு வந்தவன் நிம்மதியாகச் செத்துப் போயிருப்பான். மாரடிக்க நாங்கள் இருக்கிறோம்.

இவரை இதில் இழுத்துவிட்டது மருந்துக்கடை அண்ணன். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். தத்தியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, ஸ்பிரிங் போன கீரிப்பொறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இவர் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். "எப்படி விழுதுன்னு பாக்கணும்" என்று கூடவே சதுப்புக்குப் போனார். போன இடத்தில், இவர் கண்ணெதிரே கீரி ஒன்று தத்திக் குஞ்சைக் கவ்விக்கொண்டு போயிற்று. கையிலிருந்த ஸ்பேனரை வீசினாராம். தாய் பின்னாலேயே தத்தித் தத்திக் கொஞ்ச தூரம் போய், அப்புறம் அங்கேயே நின்றுவிட்டதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தட்டில் போட்டதைத் தொடவில்லை. மறுவாரமே எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது.

பிறகு தெருவுக்கே பெட்டி வந்தது. நீளமான மரப்பெட்டி, உள்ளே இவர் செய்த பொறி, அதற்குப் பின்னால் ஒரு முட்டை. கீரி தலையை நீட்டினால் முடிந்தது, துடிக்கக்கூட நேரம் இருக்காது. வீட்டுக்கு ஒரு பெட்டி, காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டும், விழுந்திருந்தால் பின்வாசலில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு. மற்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்களாம். ஆரம்பத்தில் என்ன ஆர்ப்பாட்டம்! "உங்க வீட்ல விழுந்துச்சா? எங்க வீட்ல நேத்தே விழுந்துடுச்சு" என்று பெருமை பேசாத ஆள் கிடையாது. ஒரு வீட்டில் எதுவும் விழாமலே சிவப்புத் துணி கட்டிவிட்டு மாட்டிக்கொண்டார்கள். என் பழைய சிவப்புச் சேலை ஒன்று அந்தக் காலத்தில்தான் துண்டு துண்டாகக் கிழிந்து தெருவெல்லாம் பறந்தது. கேட்காமலே கிழித்தார்.

அந்த உற்சாகம் எத்தனை நாளைக்கு? ஒரு வீட்டில் நாற்றம் என்றார்கள். ஒரு வீட்டில் பாவம் பிடிக்கும் என்றார்கள். ஒரு வீட்டில் புதுசாக வந்த மருமகளுக்குச் செத்ததைப் பார்த்தால் வாந்தி வருகிறதாம். கடைசி வீட்டில் பெட்டியின் மேல் பூந்தொட்டி வைத்தார்கள்; அதற்கடுத்த வீட்டில் அது செருப்பு வைக்கிற ஸ்டாண்டு ஆனது. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "பூட்டு இருக்காரே, அவரு பாத்துக்குவாரு." பாத்துக்குவாரு! கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். இவர், மருந்துக்கடை அண்ணன், ஸ்கூல் வேன் ஓட்டுகிற என் தம்பி. அண்ணனுக்கும் முட்டி வலி வந்து சேற்றில் இறங்க முடியாமல் போயிற்று. கரையில் நின்று கை காட்டுவதோடு சரி.

கீரி குறையவே இல்லை. சதுப்புக்கு அப்பால் கரும்புக்காடு, அதற்கு அப்பால் இன்னும் காடு. இந்தப் பக்கம் ஒன்று விழுந்தால் அந்தப் பக்கத்திலிருந்து இடம் காலி என்று இன்னொன்று வரும். எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும், இது ஆகிற காரியமில்லை என்று. சொல்லவும் சொன்னேன். "தண்ணியை முறத்துல அள்ளுறீங்க." அவர் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "நிறுத்தினா ஒரே வருஷத்துல எல்லாம் போயிடும்மா" என்றார். நிறுத்தவில்லை. இருந்தும் போயிற்று. செருமல் சத்தம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரே ஒரு ஜோடிதான் என்று ஆயிற்று. அது எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால், சதுப்பின் நடுவில் இருந்த நாணல் மேட்டில் குடியிருந்தது.

அந்த மேட்டைச் சுற்றிலும் தண்ணீர். கீரிக்கு நீந்தத் தெரியாது என்று இல்லை, நனைவது பிடிக்காது. அதனால்தான் அந்த ஜோடி பிழைத்துக் கிடந்தது. இந்த வருஷம் அது முட்டை வைத்தது. இவர் கரையிலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அந்த முகம் இல்லை. அதையும் சொன்னேன், சிரித்தார். "இது மட்டும் பொரிச்சு வந்துட்டா போதும்மா. வேற எதுவும் வேணாம்" என்றார். எதையும் வேண்டும் என்று கேட்காத ஆள் அவர்.

மூன்று பேரும் எங்கள் பின்வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு நின்றேன்.

"சுத்தியும் தண்ணி இருக்குல்ல மச்சான், விட்டுடுவோம்" என்றான் தம்பி.

"வெயில் ஏறுது மாப்ள. தண்ணி இறங்கிட்டே வருது. வத்திடுச்சுன்னா நடந்தே போயிடும். மேட்டுமேல ஒரு பெட்டி இருக்கணும்."

"பெட்டியை வச்சா தினமும் பாக்கணுமே, எப்படிப் போவே?" என்றார் மருந்துக்கடை அண்ணன். "சேறு இடுப்பு வரைக்கும் இருக்கு."

இவர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்த அந்த ஓட்டைக் கதவைத் தம்பியின் வேன் மேல் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கரைக்கும் மேட்டுக்கும் நடுவில் தண்ணீர் குறுகலாக இருந்த இடத்தில் அதைக் குறுக்கே போட்டார்கள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

நான் சும்மா இருப்பேனா? "கடைக் கதவைக் கொண்டு போய்ச் சேத்துல போட்டிருக்கீங்களே, வர்றவங்களுக்கு எதுல பூட்டை மாட்டிக் காட்டுவீங்க?"

"வாயால சொல்றேன்."

"யாரு, நீங்களா? வாயாலயா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

தினமும் காலையில் கதவைப் போட்டு, மேட்டுக்குப் போய், பெட்டியைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் கதவைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள், அப்படியேதான் செய்தார்கள். ஆனால் சேற்றில் பதிந்த கதவை இழுக்கும்போது, அம்மாடி, எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத் தத்தி முட்டையை விட்டு எழுந்து நாணலுக்குள் ஓடிவிடும். திரும்பி வர வெகு நேரமாகும். கதவைப் போடும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை. இவர் கரையில் நின்று அது வந்து உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கடை திறக்கத் தாமதமாகும், சாவி தொலைத்தவர்கள் கடைவாசலில் நின்று எனக்கு ஃபோன் பண்ணித் திட்டுவார்கள்.

"முட்டை சில்லுன்னு ஆயிடுதும்மா" என்றார் ஒரு நாள். சாப்பிட உட்கார்ந்தவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நம்மளாலயே கெட்டுப் போயிடும் போல இருக்கு."

மறுபடியும் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கதவை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடலாம் என்றார் இவர். தண்ணீர் எங்கே வற்றுகிறது, கால்தடம் எதுவும் உண்டா என்று மேட்டைச் சுற்றித் தினமும் பார்த்தே ஆக வேண்டும்; கதவு அங்கேயே கிடந்தால் சத்தமே இருக்காது, பூனை மாதிரி நடந்து போய்விட்டு வந்துவிடலாம். "அப்போ கீரியும் அதே வழியில வருமே மச்சான்?" என்று தம்பி கேட்கத்தான் செய்தான். அதற்கும் இவரிடம் பதில் இருந்தது. மேட்டில் பொறி விழுந்தால் அந்தச் சத்தத்துக்கே தத்தி எழுந்துவிடும், அதனால் அங்கே இருக்கிற பெட்டியை எடுத்துக் கரையில், கதவு ஆரம்பிக்கிற இடத்திலேயே வைத்துவிடுவது. கீரி முட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போகாது. கதவில் கால் வைக்கும் முன்னால் பெட்டியில் தலையை விட்டிருக்கும்.

"சரியாத்தான் படுது" என்றார் அண்ணன். தம்பியும் தலையாட்டினான். எனக்கும்கூட அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. கீரி எப்போதும் தனியாகத்தான் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியில் இரண்டு விழுந்ததே இல்லை. விழவும் முடியாது. ஒரு பொறி ஒன்றைத்தான் பிடிக்கும்.

பிறகு நல்ல நாட்களாகத்தான் போயின. தத்தி எழுந்திருக்கவே இல்லை. இவர் சத்தமில்லாமல் போய்ப் பெட்டியையும் மேட்டையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வருவார். ஆண் தத்தி தெற்கு ஓரத்தில் இரை தேடிக்கொண்டே "ம்க்கும்" என்னும். மேட்டிலிருந்து இது உட்கார்ந்தபடியே "ம்க்கும்" என்னும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர்களுக்கு நடுவில் நானும் ஒரு "ம்க்கும்" சொல்லுவேன். இவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். இன்னும் சில நாளில் குஞ்சு வந்துவிடும் என்று அண்ணன் கணக்குச் சொன்னார். எனக்குமே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசை வந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரையில் குச்சி நட்டு, அதில் என் சேலைத் துண்டு சிவப்பாகப் பறந்துகொண்டிருந்தது. பிடித்துவிட்டார்! கதவுக்கு வந்த கீரியைக் கதவு வாசலிலேயே பிடித்துவிட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தம்பிக்கு ஃபோன் போட்டு, "உன் மச்சான் கெட்டிக்காரர்தான்டா" என்றேன். நான் வாயால் அப்படிச் சொல்லி அவனும் கேட்டதில்லை. முட்டைத் தட்டைப் பார்த்தேன், அதிசயமாக ஒன்று மிச்சம் இருந்தது. இன்றைக்கு இது மனுஷருக்கு என்று உடைத்து ஊற்றி ஆம்லெட் போட்டேன். ஆறிக்கொண்டே இருந்தது. ஆள் வரவில்லை.

தட்டை மூடி எடுத்துக்கொண்டு நானே போனேன். பெட்டிக்குள் கீரி கிடந்தது. பெரிய பெண் கீரி, பால் கட்டி வயிறு தொங்கியது. இவர் மேட்டில் குந்தியிருந்தார், முதுகு எனக்குத் தெரிந்தது. "ஏங்க" என்றேன். திரும்பவில்லை. கதவின் மேல் காலை வைத்தபோதுதான் பார்த்தேன். இவருடைய கால்தடத்துக்கு அடியில், சேற்றில் நனைந்த சின்னச் சின்னக் கால்தடங்கள். பூட்டு ஓட்டைகளைச் சுற்றிச் சுற்றி, விளையாடிக்கொண்டு போன மாதிரி, மேடு வரைக்கும் போயிருந்தன. தாய் முட்டைக்காகத் தலையை விட்டிருக்கிறது. பின்னாலேயே வந்த வளர்ந்த குட்டிக்குப் பெட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. எதிரே பாதை இருந்தது, நடந்து போயிருக்கிறது.

கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. ஒன்றில் குஞ்சின் கால் இருந்தது. பொரிக்கிற நாள் அவ்வளவு நெருங்கியிருந்தது. சுற்றிலும் இறகு. தத்தி எழுந்து ஓடவே இல்லை. சத்தம் இல்லையே, ஏன் எழுந்திருக்கும்?

"துணி கட்டிட்டுத்தாம்மா இங்க வந்தேன்" என்றார் அவர்.

நான் யாரைத் திட்டுவது? குட்டியையா? அது பசிக்குத் தின்றது, அதன் தாயும் செத்துக் கிடக்கிறது. அதன் வம்சத்தைக் கப்பலில் ஏற்றியவனையா? அவன் எலும்புகூட இன்றைக்கு இருக்காது. பூந்தொட்டி வைத்தவர்களைத் திட்டலாம், அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் நின்று திட்டவும் செய்தேன். கடைசி வீட்டுக்காரி, "அய்யோ, அப்படியா? பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

மருந்துக்கடை அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ என்னப்பா பண்ணுவே? நாங்களும்தானே சரின்னு சொன்னோம்" என்றார். தம்பி வந்தான், "உங்க தப்பு இல்ல மச்சான்" என்றான். தெருவில் கண்டவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். இவர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார். "ஆண் ஒண்ணு இன்னும் இருக்கேப்பா, பெட்டியை எடுத்துடாத" என்றார் அண்ணன். "ஒண்ணு இருந்து எதுக்குண்ணே?" என்று இவர் கேட்டார். அண்ணன் மாத்திரை அட்டை ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, தூக்கம் வராவிட்டால் போட்டுக்கொள் என்று கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு இவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. காலையில் நேரத்துக்குக் கடை திறக்கிறார். வாங்குகிற முட்டை எல்லாம் தட்டில் அப்படியே இருக்கிறது. எனக்கு ஃபிரிட்ஜைத் திறக்கவே பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவரும் போய்க் கதவை இழுத்து வந்தார்கள். அதே எருமைச் சத்தம். பயந்து எழுந்து ஓடத்தான் அங்கே ஒன்றும் இல்லை. பின்வாசலில் கதவைக் குழாயடியில் சாய்த்து வைத்துவிட்டுத் தம்பி கிளம்பிப் போனான். இவர் தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார், தேய்த்தார், சேறு போன பிறகும் தேய்த்தார். தண்ணீர் முற்றம் முழுக்கக் கறுப்பாக ஓடி, நான் அப்போதுதான் கழுவிவிட்ட படிவரை வந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கே ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் என் தப்பு இல்லன்னு சொல்றாங்க" என்றார். "நீயாவது திட்டேம்மா."

முட்டைக்குத் திட்டியிருக்கிறேன். சேற்றுக்கு, சேலைக்கு, கதவுக்கு, பேசாமல் இருந்ததற்கு, எல்லாவற்றுக்கும் திட்டியிருக்கிறேன். இவராக ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எனக்கு, என் வாய்க்கு, ஒரு வார்த்தை வரவில்லை.

சதுப்பின் தெற்கு ஓரத்திலிருந்து ஆண் தத்தி "ம்க்கும்" என்றது. இரண்டு பேரும் மேட்டுப் பக்கம் திரும்பினோம், பழக்கம். கொஞ்சம் விட்டு மறுபடியும் "ம்க்கும்" என்றது. நான் பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டேன். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.